மங்கு, கத்தி, லயத்து வீடு: எங்கள் கண்காட்சி பற்றி அடிக்கடி கேட்கப்பட்ட கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பட்டணத்தில், மூடிக் கிடந்த ஒரு பழைய மளிகைக்கடையின் கீழ்த்தளத்தில், ரப்பர்த் தோட்ட வாழ்க்கையைப் பற்றி ஆறு வாரம் கண்காட்சி நடத்தினோம். நாங்கள் மூன்று பேர். பலகையில் செதுக்கி அச்சிடும் ஒரு பெண், ஒரு புகைப்படக்காரர், கோட்டோவியம் போடும் நான். மூவரும் தோட்டத்து வீட்டுப் பிள்ளைகள். மூவரும் ரப்பர் மரத்தில் பால் வெட்டியதில்லை. ஞாயிறுதோறும் மாலை ஐந்து மணிக்கு நாற்காலிகளைப் போட்டு எங்கள் வேலையைப் பற்றிப் பேசினோம்; எங்களைவிட வந்தவர்களே அதிகம் பேசினார்கள். அங்கே திரும்பத் திரும்ப எழுந்த கேள்விகளையும், பிறகு வாட்ஸ்அப்பில் வந்தவற்றையும் இங்கே எழுதுகிறேன். பதில்கள் என்னுடையவை. மற்ற இருவரும் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

கண்காட்சி என்கிறீர்கள், படம் எங்கே?

வந்தவர்களில் பாதிப் பேர் கடைமுன் நடைபாதையான அஞ்சடியில் நின்றபடியே கேட்டது இது. சட்டம் போட்ட ஓவியங்களை எதிர்பார்த்து வந்தவர்கள் கண்டது வேறு: தரையில் வரிசையாக, ரப்பர்ப் பால் பிடிக்கும் 41 மங்குகள், சுவரில் சாய்த்த, வாளிகளைத் தோளில் சுமக்கும் காண்டாக் கம்பு, பத்துப் பதினைந்து பேர் பென்சிலால் போட்ட வீட்டுப் படங்கள், மேலே கயிற்றில் உலர்கிற துணிபோல் தொங்கிய பெரிய அச்சுகள். பழைய மளிகைக்கடைத் தராசை நாங்கள் அகற்றவில்லை. அதுவும் கண்காட்சிப் பொருள் என்று நினைத்துச் சிலர் நின்று பார்த்தார்கள். மறுக்க மனம் வரவில்லை.

சமகாலக் கலை என்றால் என்ன?

இன்று உயிரோடிருக்கிறவர்கள், இன்றைய விஷயங்களைப் பற்றி, எந்தப் பொருள் கைக்கு வருகிறதோ அதைக் கொண்டு செய்வது. இதைவிட நீளமான விளக்கம் தருகிறவர் பெரும்பாலும் எதையோ விற்க வந்தவர்.

ஏழைகளின் கஷ்டத்தை வரைவதைத்தானே இப்போது சமூகக் கலை என்கிறார்கள்?

அப்படியும் ஒரு வழி இருக்கிறது. அதை நான் மட்டமாகச் சொல்ல மாட்டேன். பினாங்கில் பிறந்த நிர்மலா தத் சண்முகலிங்கம் 1970களிலேயே குப்பை, புகைப்படம், செய்தித்தாள் நறுக்கு ஆகியவற்றைக் கலைக்கூடத்துக்குள் கொண்டுவந்து சுற்றுச்சூழல் கேட்டைப் பேசவைத்தவர். அதே பினாங்கைச் சேர்ந்த வோங் ஹோய் சியோங் 1990களின் நடுவில் குடியேறிகளையும் ரப்பர் மரங்களையும் பெரிய பெரிய கரிக்கோல் ஓவியங்களாக வரைந்தார். அவற்றில் ஒன்றின் தலைப்பைத் தமிழில் சொன்னால், ‘பதினான்கு வயதில் அவளுக்குக் கல்யாணம், பதினான்கு பிள்ளைகள் பெற்றாள்’. தலைப்பைக் கேட்டதும் எங்கள் பேச்சுக்கு வந்திருந்த ஓர் அம்மாள், “எங்கள் அத்தைக்குப் பன்னிரண்டு” என்றார்.

இன்னொரு வழி, சம்பந்தப்பட்டவர்களையே கூட உட்காரவைத்துச் செய்வது. கிழக்கு மலேசியாவின் சபா மாநிலத்தைச் சேர்ந்த யீ ஐ-லான், செம்பொர்ணா அருகே ஒமாடால் தீவில் பாய் முடையும் பஜாவ் பெண்களோடு சேர்ந்து பாய்களையே கலைப்படைப்பாக்கினார். விளக்கச்சீட்டில் முடைந்தவர்களின் பெயர்களும் வருகின்றன. அந்தச் சீட்டை முதன்முதலில் படித்தபோது எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. அதற்கு முன் எத்தனையோ பேரை வரைந்திருக்கிறேன். ஒருவர் பெயரையும் எழுதியதில்லை. ‘தோட்டத் தொழிலாளி’, ‘மூதாட்டி’, இவ்வளவுதான்.

சுங்கை சிப்புட்டில் ஏன்? கோலாலம்பூரில் வைத்தால் நாலு பேர் பார்ப்பார்களே?

அந்த நாலு பேருக்கும் காரில் வர வழி தெரியும். இங்கிருக்கும் எழுபது வயதுப் பாட்டியைக் கோலாலம்பூர்க் கலைக்கூடத்தின் படிக்கட்டில் ஏற்றுவதுதான் சிரமம்.

அது போக, இந்த வட்டாரத்தைவிட்டால் ரப்பர் கதைக்கு வேறு எங்கே போவது? பக்கத்துக் கோலகங்சாரில்தான் 1877இல் ரப்பர் நாற்றுகள் நடப்பட்டன. அவற்றில் ஒரு மரம் இன்னும் நிற்கிறது, வேலி போட்டு, பலகை மாட்டி. மரத்துக்குப் பலகை உண்டு, வெட்டினவர்களுக்குத்தான் இல்லை. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதையொட்டி அறிவிக்கப்பட்ட அவசரகாலம் 1960வரை நீடித்தது. துரைமாரின் பெயர்கள் புத்தகங்களில் இருக்கின்றன. அதே காலத்தில் முள்வேலிக்குள் அடைபட்ட லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், எப்படிச் சமைத்தார்கள், பிள்ளைக்கு இராத்திரி காய்ச்சல் கண்டால் என்ன செய்தார்கள் என்பதை இங்கே ஒட்டுக்கடையில் உட்கார்ந்தால்தான் கேட்கலாம். தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், 1960இல், தொழிலாளர்களின் பணத்தைச் சேர்த்துத் தோட்டம் வாங்கத் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கிய துன் சம்பந்தனும் இந்த ஊர்க்காரர்தான். கண்காட்சிக்கு வந்த ஒரு பெரியவர் பழைய பங்குச் சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துவந்து காட்டினார். மாட்டிவைக்கட்டுமா என்று கேட்டோம். “பார்த்தாயிற்று இல்லையா?” என்று மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

ஒவ்வொருவரும் எப்படி வேலை செய்தீர்கள்?

என்னுடையதிலிருந்து தொடங்குகிறேன். யோசனை என்னுடையதில்லை, கடன் வாங்கியது. யாழ்ப்பாணத்துக் கலைஞர் தா. சனாதனன், போரில் வீட்டை விட்டு இடம்பெயர்ந்தவர்களிடம் அவர்கள் வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரையச் சொல்லி, அவற்றைக் கட்டட வரைபடமாகவும் தம் ஓவியமாகவும் ஆக்கி, 2011இல் ஒரு நூலாகத் தொகுத்தார். ‘The Incomplete Thombu’ (முற்றுப்பெறாத தோம்பு) என்று அதற்குப் பெயர். தோம்பு என்பது பழைய காலத்துக் காணிப் பதிவேடு. நம் லயத்து வீடுகளும் இடிந்துவிட்டன. மேலே எண்ணெய் எடுக்கும் செம்பனை நிற்கிறது. நாமும் வரையச் சொல்லிப் பார்ப்போமே என்று தோன்றியது.

சொன்னதும் யாரும் வரைந்துவிடவில்லை. “எனக்கு வரையத் தெரியாது” என்பார்கள். பென்சிலை மேசைமேல் வைத்துவிட்டுத் தேநீர் போடப் போய்விடுவேன். திரும்பி வரும்போது ஒரு கோடாவது விழுந்திருக்கும். நான் நினைத்ததற்கு மாறாக, ஒருவர்கூட வீட்டிலிருந்து தொடங்கவில்லை. பெண்கள் பொதுக் குழாயிலிருந்து தொடங்கினார்கள், அங்கிருந்து வாளி தூக்கி வரும் வழியைப் போட்டார்கள், வழி முடிகிற இடத்தில்தான் வீடு வந்தது. ஆண்கள் கோயிலிலிருந்தோ பந்து விளையாடிய திடலிலிருந்தோ தொடங்கினார்கள். ஓர் அக்கா தன் வீட்டோடு பக்கத்து வீட்டையும் சேர்த்துப் போட்டார். இரண்டும் அவருடையதா என்று கேட்டேன். “தடுப்புப் பலகை கூரைவரை போகாது, தம்பி. அந்த வீட்டில் மிளகாய் வறுத்தால் இந்த வீட்டில் தும்முவோம். எதை எங்கே பிரித்து வரைய?” என்றார். அந்தப் படத்தில் சுவர் ஒரு புள்ளிக்கோடாக மட்டும் இருக்கிறது.

அச்சுக்காரப் பெண்ணின் கதை வேறு. பழைய புகைப்படம் ஒன்றைப் பார்த்து, பால்மர நிரை ஒன்றை ஆளுயரத்துக்குச் செதுக்கி அச்சிட்டுத் தொங்கவிட்டிருந்தாள். இரண்டாம் ஞாயிறு ஒரு பாட்டி வந்தார். நாற்பது வருடம் பால் வெட்டினவர். அதன்முன் வெகுநேரம் நின்றார். பிடித்துவிட்டது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

“இந்த மரத்தை வெட்டினது யார், பிள்ளை? இடதுகைக்காரனா?”

பால்மரத்தில் வெட்டு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் இறங்கும். பட்டைக்குள் பால் ஓடும் குழாய்கள் வலம் சாய்ந்து மேலேறுவதால், அவற்றைக் குறுக்கே அறுக்க அந்தச் சரிவுதான் தோது. அதிகப் பால் இறங்கும். பலகையில் அவள் சரியாகத்தான் செதுக்கியிருந்தாள். ஆனால் அச்சில் எல்லாம் இடவலம் மாறிவிடும் அல்லவா? எழுத்தைத் திருப்பிச் செதுக்க ஒருநாளும் மறக்காதவள். மரத்துக்கும் இடம் வலம் உண்டென்று யோசிக்கவில்லை. ஆறேழு மாத வேலை. மூன்று கலைஞர்கள், ஒரு கலை ஆசிரியர், திறப்பு விழாவுக்கு வந்த பிரமுகர்கள், யார் கண்ணிலும் படவில்லை.

அடுத்த ஞாயிறு பாட்டி தன் கத்தியோடு வந்தார், செய்தித்தாளில் சுற்றி. நாங்கள் ஒரு பால்மரக் கட்டையை நிறுத்தி வைத்திருந்தோம். கத்தியைக் கையில் எடுத்ததும் முதுகு நிமிர்ந்தது. வெட்டவில்லை, சீவினார். நாணயத்தின் கனம்கூட இல்லாத பட்டைச்சீவல் சுருண்டு விழுந்தது. ஆழம் போனால் மரத்தில் காயம் படும், காயம் பட்ட இடத்தில் பட்டை முடிச்சு விழும், அப்புறம் அங்கே வெட்ட முடியாது. “காயம் போட்டால் மண்டோர் ஏசுவான். மரத்துக்காக ஏசுவான்” என்றார், தோட்டத்து மேற்பார்வையாளனைச் சொல்லி. அச்சுக்காரப் பெண் அந்தச் சீவலை எடுத்து வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். குப்பையை எதற்குக் கேட்கிறாள் என்று பாட்டிக்குப் புரியவில்லை.

பிறகு புதிய பலகை ஒன்று செதுக்கினாள். பாட்டி கூட உட்கார்ந்து கோட்டின் சரிவைப் பார்த்துச் சொன்னார். பழைய தவறான அச்சையும் பக்கத்திலேயே தொங்கவிட்டோம். அது வேண்டாம் என்பது அவள் கருத்து. வேண்டும் என்பது என் கருத்து. இந்தச் சண்டை இன்னும் தீரவில்லை.

புகைப்படக்காரர் ஆட்களை எடுக்கவில்லை. தோட்டத்தை விட்டு வந்தவர்கள் குடியிருக்கும் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளின் கூடத்தில், தோட்டத்திலிருந்து வந்த பொருள் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பதை மட்டும் எடுத்தார். போர்ட் டிக்சனில் வளர்ந்த சிம்ரின் கில், 2001இல் தீபகற்பம் முழுக்கப் போய் முன்பின் தெரியாதவர்களின் கதவைத் தட்டி, ஆளில்லாத கூடங்களை 260 படங்களாக எடுத்தார். எங்கள் புகைப்படக்காரர் தட்டியது இருபது கதவுகூட இருக்காது. ஆனால் எல்லா வீட்டிலும் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தார்.

ரப்பர்ப் பலகையில் செதுக்க முடியுமா? பாலையே சாயமாகப் பயன்படுத்தலாமா?

மாணவர்கள் கேட்டது. பலகையில் முடியும். பால் குறைந்து வெட்டி விழுத்தின மரத்தைத்தான் மேசை நாற்காலிக்கு அறுக்கிறார்கள். துண்டுப் பலகை எளிதாகக் கிடைக்கும். மருந்தேற்றிய பலகையாகக் கேட்டு வாங்குங்கள். பச்சைப் பலகையில் சீக்கிரமே பூஞ்சணம் பிடித்து நீலம் பாயும், வண்டு துளைக்கும். உளி கூராக இருக்க வேண்டும், ஒட்டுப்பலகையைவிடக் கை வலிக்கும். பெரிய பலகைக்கு அச்சு இயந்திரம் வேண்டாம். சபாவின் ரானாவ் ஊரைச் சேர்ந்த பங்ரோக் சூலாப் கலைக்குழுவினர் துணியைப் பலகைமேல் விரித்து, பாட்டுப் போட்டு, ஆட்களை அதன்மேல் ஆடவிட்டு மிதித்து அச்செடுப்பார்கள். நாங்களும் அப்படித்தான் எடுத்தோம். மிதித்த சிறுவர்களில் ஒருவன் செருப்பைக் கழற்ற மறந்துவிட்டான். அந்தத் தடம் மூன்றாவது அச்சில் இருக்கிறது.

பாலை விட்டுவிடுங்கள். சில மணி நேரத்தில் கட்டியாகிவிடும். கட்டாமலிருக்க அம்மோனியா சேர்த்தால் அறைக்குள் நிற்க முடியாது. காய்ந்தபின் வெயில் பட்டால் பழுத்துப் பிசுபிசுக்கும்.

இவ்வளவு பொருள்களையும் எப்படிக் கொடுத்தார்கள்? ஏமாற்றி வாங்கினீர்களா?

இப்படியே கேட்டார் ஒருவர். கேட்டதில் தப்பில்லை. ‘ஆவணப்படுத்துகிறோம்’ என்று வந்து குடும்பப் படத்தை வாங்கிப் போனவர்கள் திரும்பி வராத கதை எங்கள் வீட்டிலேயே உண்டு. தாத்தாவின் ஒரே படம் அப்படித்தான் போயிற்று. யார் கொண்டுபோனார்கள் என்பதை விடுங்கள்.

அதனால் ஒரு கார்பன் ரசீதுப் புத்தகம் வாங்கினோம். பொருள், அதன் நிலை, கொடுத்தவர், தேதி, திருப்பித் தரும் நாள். ஒரு தாள் அவர்களுக்கு, ஒரு தாள் எங்களுக்கு. மூன்று கேள்விகளை ஒவ்வொருவரிடமும் கேட்டோம்: பெயர் போடலாமா, படம் எடுத்து வெளியிடலாமா, வேறு ஊருக்குக் கொண்டுபோகலாமா? பெரும்பாலோர் முதலிரண்டுக்கும் சரி என்றார்கள். ஒருவர் பெயர் வேண்டாம், தோட்டத்தின் பெயரையும் நிரை எண்ணையும் போட்டால் போதும், தெரிந்தவர்களுக்குத் தெரியும் என்றார். நடுவில் மனம் மாறினவர்களும் உண்டு. நாலாம் வாரம் ஒரு குடும்பம் வந்து தாங்கள் கொடுத்திருந்த விளக்கை எடுத்துக்கொண்டது, வீட்டில் விசேஷம் என்று. அந்த இடத்தை வெறுமையாகவே விட்டோம்.

கதை சொன்னவர்களுக்குப் பணம் கொடுத்தீர்களா? கொடுத்தால் பேச்சு மாறிவிடாதா?

கொடுத்தோம். 2025இல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட் ஆயிற்று. அதை 26 நாளுக்கு வகுத்தால் நாளொன்றுக்கு 65 ரிங்கிட் சொச்சம். அரை நாள் உட்கார்ந்தவர்க்கும் முழுநாள் கூலி என்று வைத்து, 80ஆகக் கூட்டிக் கொடுத்தோம். பேச்சு மாறும் என்கிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: மின்விளக்கு மாட்டியவருக்குக் கொடுத்தோமே, அவர் மாட்டிய விளக்கின் வெளிச்சம் மாறியதா? ஆனால் சிலர் வாங்க மறுத்தார்கள், கௌரவக் குறைவாக எண்ணினார்கள். அவர்களுக்குப் பழமும் வெற்றிலையும் தட்டில் வைத்துக் கொடுத்தோம், உறையைத் தட்டின் அடியில் வைத்து. இது தந்திரம்தான்.

எப்போதும் சோகம்தானா? எங்கள் காலத்தில் சந்தோஷமே இல்லையா?

ஒரு பெரியவர் கொஞ்சம் கோபமாகவே கேட்டார். அவர் வளர்ந்த தோட்டத்தில் திருவிழாவுக்கு மேடைநாடகம் போடுவார்களாம். பெண் வேடம் அவர்தானாம். ஜப்பானியர் காலத்தில் சயாம் மரண ரயில் பாதை போடப் போய்த் திரும்பாத பெரியப்பாவைப் பற்றி அவரிடம் கேட்டுக்கேட்டு எழுதி வைத்திருந்தோம்; நாடகத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. துயரம் கேட்கப் போனால் துயரம்தான் கிடைக்கும். கடைசி ஞாயிறு அவர் அந்த வேடத்தின் இரண்டு பாட்டைப் பாடினார். குரல் போய்விட்டது, கழுத்து அசைவு போகவில்லை.

இன்று தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள் வங்காளதேசிகள், இந்தோனேசியர்கள், நேபாளிகள். அவர்கள் எங்கே?

இருபது வயதுப் பையன் ஒருவன் கேட்டான். மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இல்லை. எங்கள் கண்காட்சியில் அவர்கள் இல்லை. நம் பாட்டன் பூட்டன் கதையைச் சொல்ல வந்தோம், அங்கேயே நின்றுவிட்டோம். ஒரு நாள் மழைக்கு ஒதுங்கிய வங்காளதேச இளைஞர் ஒருவர் உள்ளே வந்து, செம்பனைக் குலை வெட்டும் தன் கையைக் காண்டாக் கம்புக்குப் பக்கத்தில் நீட்டி, தோளைத் தட்டிக் காட்டிச் சிரித்தார். அந்தத் தோட்டத்து விடுதியின் தரைப்படத்தை யாராவது அவரிடம் வரையச் சொல்லிக் கேட்டிருக்க வேண்டும். மழை விட்டதும் போய்விட்டார்.

இது அரசியல் அல்லவா? பிரச்சினை வராதா?

வரலாம். 2017இல் பங்ரோக் சூலாப் செதுக்கிய சபா பற்றிய பெரிய அச்சு, புகாரின்பேரில் கோலாலம்பூர்க் கண்காட்சி ஒன்றிலிருந்து அகற்றப்பட்டது. எங்களுக்கு வந்த ஒரே புகார், அஞ்சடியில் மோட்டார் சைக்கிள்கள் வழியை அடைக்கின்றன என்பது.

விளக்கக் குறிப்புகள் இவ்வளவு எளிமையாக இருக்கின்றனவே, கலைஞர்கள் எழுதியதா?

முதலில் எழுதியவை வேறு. ‘நினைவின் புலம்பெயர்வெளியை மறுவாசிப்புச் செய்யும் பொருண்மை’ என்று நானே ஒன்று எழுதியிருந்தேன். பாட்டியிடம் படித்துக் காட்டினோம். “யாருக்குக் காய்ச்சல்?” என்றார். அன்று முதல் ஒரு விதி: பால் வெட்டின ஒருவரிடம் வாய்விட்டுப் படிக்க வேண்டும், அவர் நிறுத்திக் கேட்கும் இடத்தை அடிக்க வேண்டும். தமிழில் எழுதிவிட்டுப் பிறகுதான் மலாய்க்கும் ஆங்கிலத்துக்கும் போனோம். அடித்ததில் பாதிக்குப் பாதி போயிற்று. ஒன்றும் குறையவில்லை.

விற்பனைக்கு உண்டா?

அச்சுகள் மட்டும். பாட்டி சரிபார்த்த அச்சில் அவர் பெயரும் உண்டு, விலையில் பங்கும் உண்டு. வீட்டுப் படங்கள் வரைந்தவர்களுடையவை, விற்பதற்கில்லை.

எங்கள் ஊரிலும் செய்யலாமா?

செய்யுங்கள். எங்களைக் கேட்க வேண்டியதில்லை. ரசீதுப் புத்தகத்தை முதலில் வாங்குங்கள், வண்ணத்தைப் பிறகு வாங்கலாம். கழிப்பறை இருக்கிற கட்டடமாகப் பாருங்கள். எங்களுடையதில் இல்லை; பக்கத்துச் சாப்பாட்டுக்கடைக்காரரின் பொறுமையில்தான் ஆறு வாரமும் ஓடியது.

பொருள்களெல்லாம் உரியவர்களிடம் போய்விட்டனவா?

ஏறக்குறைய. பாட்டியின் கத்தியை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிப் பார்த்து, “துரு எடுத்தாயா?” என்று கேட்டார். ஆமாம், கண்காட்சிக்காகத் துடைத்தோம் என்றேன். ஒன்றும் சொல்லாமல் எண்ணெய் தடவிச் செய்தித்தாளில் சுற்றி வைத்தார்.

இரண்டு மங்கும் ஒரு வாளி மூடியும் இன்னும் என்னிடம் இருக்கின்றன. பெயர்ச்சீட்டு ஈரத்தில் கழன்றுவிட்டது. மங்குகளில் ஒன்றின் அடியில் சிவப்புச் சாயப் புள்ளி இருக்கிறது, மற்றதன் விளிம்பு உடைந்திருக்கிறது. அது வரும்போதே உடைந்திருந்தது, ரசீதில் எழுதியிருக்கிறோம். உங்களுடையவை என்றால் உங்கள் ரசீதுத் தாளைக் கொண்டு வாருங்கள். தாள் தொலைந்துபோயிருந்தாலும் பரவாயில்லை, எந்தத் தோட்டம், எந்த நிரை என்று சொன்னால் போதும்.